நஞ்சம்மாள் உருவிய துரும்பு

வியாழக்கிழமை பத்து நாற்பதுக்கு மின்சாரம் போனது. டைப்ரைட்டருக்கு மின்சாரம் வேண்டியதில்லை. சாந்தாமணி மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டு, விட்ட வரியிலிருந்து அடித்தாள்.

அது ஒரு கட்டுரை. சனிக்கிழமை பெண் வழக்கறிஞர்கள் கூட்டத்தில் வக்கீல் பங்காரம்மா படிப்பதற்கு. மனைவி வேண்டாம் என்று சொன்ன பிறகும் கணவன் அவளைப் பலவந்தமாகச் சேர்ந்தால், எந்த நாட்டில் அது குற்றம், எந்த வருஷத்திலிருந்து குற்றம் என்று பங்காரம்மா பென்சிலில் எழுதிக் கொடுத்திருந்தார். போலந்து, 1932. சுவீடன், 1965. நார்வே, 1971. கனடா, 1983. இங்கிலாந்தில் 1991 வரை குற்றமில்லை. அங்கேயும் நாடாளுமன்றம் மாற்றவில்லை, ஒரு வழக்கில் நீதிபதிகள் மாற்றினார்கள். அமெரிக்காவில் கடைசி மாநிலம் வழிக்கு வந்தது போன வருஷம்தான்.

சாந்தாமணிக்குக் கல்யாணமானது கனடா வருஷத்தில். அதை நினைத்ததில் ஓர் எழுத்து மாறி விழுந்தது. வெள்ளை மை பூசி, காயும்வரை ஊதினாள்.

கோயம்புத்தூர் கோபாலபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. ஒரு அறை, ஒரு தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பங்காரம்மா, இந்தப் பக்கம் சாந்தாமணி. ஆறு வருஷமாக.

படியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒரு பெண் வாசலில் நின்றாள். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"ஏனுங்க அம்மணி, பொம்பளை வக்கீலு இருக்கறது இங்கீங்களா?"

"கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. ஒரு மணிக்கு வருவாங்க. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. சாந்தாமணியின் காதுத் தோட்டையும் சேலையையும் பேச்சையும் ஒரு தடவை கவனித்து, நிலபுலம் உள்ள தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண் என்று தெரிந்துகொண்டாள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் அவள் உட்கார்ந்து பழக்கமில்லை. சாந்தாமணி நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். பானையில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அந்தப் பெண் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

பங்காரம்மா இல்லாதபோது வருகிறவர்களின் விவரத்தை அடித்து வைப்பது சாந்தாமணியின் வேலை. அதற்குப் பங்காரம்மா வைத்திருந்த விதி ஒன்றுதான். அவங்க சொல்றதை அடிங்க. நீங்க நினைக்கறதை அடிக்காதீங்க.

"பேரு?"

"கருப்பாத்தாளுங்க."

"ஊரு?"

"காரமடைக்கு வடக்கால போகோணுங்க. இப்ப மேட்டுப்பாளையத்துல பாக்குக் களத்துல வேலை. தம்பி ஊட்டுக்கு ஒட்டி ஒரு ரூமுல இருக்கறனுங்க."

"புருசன் பேரு?"

"காளிச்சாமிங்க."

சாந்தாமணியின் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. இந்தக் கேள்விக்குப் பெண்கள் நேராகப் பதில் சொல்வதில்லை. கூட வந்தவரைப் பார்ப்பார்கள். ரேஷன் கார்டை நீட்டுவார்கள். ஒருத்தி சுவரில் இருந்த காலண்டர் முருகனைக் காட்டினாள். சாந்தாமணியும் பதினோரு வருஷத்தில் தன் கணவர் பெயரை எத்தனையோ விண்ணப்பங்களில் அடித்திருக்கிறாள். வாயால் சொன்னதில்லை.

கருப்பாத்தாள் அதைப் புரிந்துகொண்டு லேசாகச் சிரித்தாள்.

"இப்பச் சொல்லலாமுங்க. துரும்பு கிள்ளியாச்சு."

"எப்ப?"

"ரெண்டு வருசம் ஆச்சுங்க. பங்குனியில."

அவர்கள் சனத்தில் அதுதான் வழக்கம். புருஷனும் பெண்டாட்டியும் தீர்ந்து போவதென்றால் ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் முன்னால் ஊர் கூடும். புருஷன் ஒரு துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போடுவான். அன்றிலிருந்து அவள் யாரோ, அவன் யாரோ.

"எதுக்குத் தீர்த்துக்கிட்டீங்க?"

கருப்பாத்தாள் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பகல் முழுக்கக் களத்தில் நின்று வந்து கை ஓய்ந்துவிட்டது, உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னாலும் அவன் விடுவதில்லை. ஒரு தடவை கரு கலைந்து நான்காம் நாள். அன்றைக்கு மாமியார் நஞ்சம்மாள் எழுந்து வந்து விளக்கைப் போட்டாள். மறுநாளிலிருந்து பாயை எடுத்துவந்து இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டாள்.

"ஆறு மாசம் படுத்துதுங்க. அறுபது வயசுக் கெழவி. மூச்சு இழுக்கும். நடுவால மரக்கட்டையாட்டம் கெடக்கும்."

"அப்புறம்?"

"மாமியா அவியளே போயிப் பெரியதனத்துகிட்டச் சொன்னாங்க. ஊர் கூடுச்சு. துரும்பு வேணும்னாங்க. ஆரும் எடுக்கல. என்ற மாமியா எந்திரிச்சு அவிய ஊட்டுக் கூரையில இருந்தே ஒண்ணை உருவிக்கிட்டு வந்து மகன் கையில வெச்சாங்க. அவரு சிரிச்சாரு. கிள்ளுடா, இல்லீன்னா நான் கெணத்துல உளுந்துருவேன்னாங்க. கிள்ளுனாரு."

சாந்தாமணி அடித்தாள். நாடா மங்கியிருந்தது. கார்பன் பிரதியை அதைவிட மங்கலாகத்தான் படிக்க முடியும்.

போன மாதம் நஞ்சம்மாள் இறந்தாள். கருப்பாத்தாள் போனாள். எழவு வீட்டில் மருமகள்தான் குடத்தில் தண்ணீர் சேந்திவந்து பிணத்துக்கு ஊற்ற வேண்டும். நஞ்சம்மாளுக்கு வேறு மருமகள் இல்லை. கருப்பாத்தாள் குடம் எடுத்தாள். கருமாதி முடிந்த மறுநாள் மத்தியானம் காளிச்சாமி அவள் அறைக்கு வந்தான். தம்பி வேலைக்குப் போயிருந்தான்.

"வேண்டாமுன்னு சொன்னனுங்க. துரும்பு கிள்ளியாச்சு, வெளிய போன்னு சொன்னேன். கொடம் எடுத்தியே, அப்பறம் என்னன்னாரு."

அதற்கு மேல் அவள் சொன்னது நான்கு வாக்கியம். சாந்தாமணி நான்கையும் அடித்தாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மணி அடித்தது.

"ஸ்டேசனுக்குப் போனனுங்க. ஆருன்னு கேட்டாங்க. சொன்னேன். புருசன்தானே, போன்னு சொல்லிப்போட்டாங்க."

*

பங்காரம்மா ஒன்றேகாலுக்கு வந்தார். ஐம்பது தாண்டியவர். கறுப்பு கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே சாந்தாமணி அடித்து வைத்ததைப் படித்தார். குடம் வந்த இடத்தில் கரண்டி நின்றது.

"கண்ணு, இங்க வா." கருப்பாத்தாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். "போலீஸ்காரன் உன்னை விரட்டுனது தப்பு. ஆனா அவன் கேஸ் எடுக்காதது சட்டத்துல தப்பில்ல. இந்தப் பிரிவுல அவன் தானா கேஸ் போட முடியாது. நாமதான் நேரா மாஜிஸ்திரேட்கிட்டப் போகணும். புரியுதா?"

"புரியுதுங்க."

"பொண்டாட்டிய இப்படிப் பண்ணுனா நம்ம சட்டத்துல கற்பழிப்பு இல்ல. கோர்ட்டுல பிரிஞ்சிருந்தாலோ, சாதி வழக்கப்படி பிரிஞ்சிருந்தாலோ மட்டும் குற்றம். அதுவும் ரெண்டு வருஷம், அதுக்கு மேல இல்ல. உனக்குக் கோர்ட்டு உத்தரவு இல்ல. துரும்புதான் இருக்கு. அதுக்கு ஏதாவது காயிதம் எழுதுனாங்களா?"

"துரும்புக்கு ஏதுங்க காயிதம்."

"அதான். மாஜிஸ்திரேட்டுக்குத் துரும்புன்னா பல்லுக் குத்தறதுதான் தெரியும். உங்க பெரியதனக்காரர் வந்து சொல்லணும், இதுதான் எங்க வழக்கம், என் முன்னாலதான் நடந்துச்சுன்னு. வருவாரா?"

"கேட்டா வருவாருங்க."

"சரி. இந்தக் குடம்." பங்காரம்மா காகிதத்தை விரலால் தட்டினார். "மருமக முறை செஞ்சா உங்க ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

கருப்பாத்தாள் குனிந்து விரல் கறையைத் தேய்த்தாள்.

"மறுபடி சேந்துட்டாங்கன்னு சொல்லுவாங்களா?"

"சொல்லறாங்க."

"சேந்துட்டா நீ அவன் பொண்டாட்டி. பொண்டாட்டின்னா கேஸ் இல்ல. இந்தப் பத்திய எடுத்துட்டா மாஜிஸ்திரேட் மொதல்ல கேஸை எடுத்துக்குவார். அப்புறம் அவன் வக்கீல் குடத்தைக் கெளப்புவான். அது அப்பப் பாத்துக்கலாம்னு சொல்ற வக்கீல் இந்தத் தெருவுல நாலு பேர் இருக்காங்க."

"நீங்க என்னுங்க சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. உன்னைத்தான் கேக்கறேன்."

"ஊத்துனது ஊத்துனதுதானுங்க." கருப்பாத்தாள் சத்தத்தை உயர்த்தவில்லை. "நான் அவருக்கா ஊத்துனேன். அந்தக் கெழவிக்கு ஊத்துனேன். செத்தவளுக்குச் செஞ்சதை இல்லேன்னு சொன்னா, துரும்பு கிள்ளுனதும் பொய்யின்னு ஆயிராதுங்களா?"

பங்காரம்மா டிபன் பாக்ஸை மூடினார்.

"அடுத்த வியாழக்கிழமை பெரியதனக்காரரோட வா. அவர் குடத்தைப் பத்தி என்ன சொல்றாருன்னு பாத்துட்டு எழுதலாம். அவர் சேந்ததுதான்னு சொல்லிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடிச்சான் ஒடைச்சான்னு வேற பிரிவுல போடலாம். அது வேற கேஸ். இது இல்ல."

கருப்பாத்தாள் கிளம்பும்போது சாந்தாமணியைப் பார்த்துக் கும்பிட்டாள். சாந்தாமணி எழுந்து நின்றாள். எதற்காக எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

சாயங்காலம் ஐந்தரைக்கு பங்காரம்மா பையை எடுத்துக்கொண்டார்.

"கெளம்பலையா?"

"இந்தப் பக்கத்தை முடிச்சுட்டுப் போறனுங்க மேடம்."

"வியாழக்கிழமை ஆனா உங்களுக்கு வேலை மிச்சமிருக்கும்."

பங்காரம்மா கேலியாகத்தான் சொன்னார். சாந்தாமணியும் சிரித்தாள்.

சிங்காநல்லூரில் அவள் கணவருக்கு லேத் பட்டறை. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு. அதனால் வியாழக்கிழமை ராத்திரி. அவர் குடிப்பதில்லை. கை நீட்டியதில்லை. அவளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். பதினோரு வருஷத்தில் அவள் வேண்டாம் என்று சொன்னது மூன்று தடவை. மூன்று தடவையும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நிறுத்தவும் இல்லை. நான்காவது தடவை அவள் சொல்லவில்லை. அது ஏழு வருஷத்துக்கு முன்னால்.

கட்டுரையில் அடுத்த பக்கம் இந்தியா. பங்காரம்மாவின் பென்சில் அந்த இடத்தில் அழுத்தமாக இருந்தது. மனைவி பதினைந்து வயதுக்குக் குறையாதவளாக இருக்கும்பட்சத்தில், கணவன் அவளைச் சேர்வது பலாத்காரம் ஆகாது. சாந்தாமணி அதை அடித்தாள். பிறகு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று படித்தாள். பிழை இல்லை.

ஆறரைக்குப் பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை காலை பங்காரம்மா கட்டுரையை வாங்கும்போது அவள் மணிக்கட்டில் கன்றியிருந்ததைப் பார்த்தார்.

"என்ன அது?"

"மெஷின்ல இடிச்சுட்டனுங்க மேடம்."

பங்காரம்மா டைப்ரைட்டரைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். கட்டுரையைப் புரட்டினார்.

"நல்லா அடிச்சிருக்கீங்க," என்றார்.

*

அடுத்த வியாழக்கிழமை மழை. மேட்டுப்பாளையம் பஸ் தாமதம். கருப்பாத்தாளும் பெரியதனக்காரரும் வரும்போது நாலு மணி. அவர் பெயர் ரங்கன். அறுபத்தைந்து வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"துண்டைத் தோள்ல போட்டுட்டு உள்ள வந்து உக்காருங்க," என்றார் பங்காரம்மா. "இங்க நீங்கதான் பெரிய மனுசர். உங்க வாயை நம்பித்தான் நாங்க கடை போட்டிருக்கோம்."

"அப்படிச் சொல்லாதீங்க. நான் தீத்து வெச்ச சண்டையில பாதி மறுபடி மொளைச்சுக்கும்." அவர் உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டார். "கேளுங்க."

பங்காரம்மா சாந்தாமணியைக் கூப்பிட்டார். அவள் குறிப்பு நோட்டுடன் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

துரும்பு விஷயத்தில் ரங்கன் தடுமாறவில்லை. எந்த மாதம், எந்த மரத்தடி, இந்தப் பக்கம் யார் மூன்று பேர், அந்தப் பக்கம் யார் மூன்று பேர். தன் காலத்தில் இப்படி ஒன்பது ஜோடி. தன் அப்பன் காலத்திலும் உண்டு. கிள்ளிய பிறகு அவள் வேறு தாலி கட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்க முடியாது.

"கோர்ட்டுல இதைச் சொல்வீங்களா?"

"சொல்வனுங்க. நடந்ததுதானே."

"அப்புறம் இந்தப் பொண்ணு எழவு வீட்டுல குடம் எடுத்திருக்கு. அதையும் கேப்பாங்க."

"எடுத்தான்னு சொல்வேன்."

"எடுத்ததனால சேந்தாச்சா இல்லையா?"

ரங்கன் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

"மருமக மொறை செஞ்சா ஊடு சேந்ததுன்னு அர்த்தமுங்க. அதுதான் எங்க மொறை. நான் மாத்திச் சொல்ல முடியாது."

கருப்பாத்தாள் சுவரோரம் நின்றிருந்தாள்.

"ஊர்ல கேட்டா?" என்றார் பங்காரம்மா.

"காளிச்சாமிக்குப் பங்காளிக பதினேழு ஊடு. இவளுக்குத் தம்பி ஒருத்தன். ஊர் என்ன சொல்லும்னு நீங்களே பாத்துக்குங்க." அவர் துண்டை மடித்தார், பிரித்தார். "நான் இன்னொண்ணும் சொல்லோணும். இவளா குடம் எடுக்கலீங்க. பொணம் காயுது, தண்ணி ஊத்த ஆள் இல்ல. நாந்தான் சொன்னேன், நீ போயி எடு ஆத்தா, அந்தக் கெழவி உனக்குச் செஞ்சதுக்கு நீ செய்யின்னு. சொல்லறப்ப எனக்கு இது தோணுல. மொறை கெடக்கூடாதுன்னு நெனைச்சேன். காளிச்சாமி இதையே சாக்காப் புடிப்பான்னு நெனைக்கல."

"நீங்க சொன்னீங்கன்னு ஊருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. காதோரமாச் சொன்னேன்."

"கோர்ட்டுல சொன்னா?"

"பெரியதனம் போயிரும். தீந்தவளைக் குடம் எடுக்கச் சொன்னவன் என்ன பெரியதனம்."

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடி நின்றது. பங்காரம்மா பேனாவை மூடி மேஜையில் வைத்தார். சாந்தாமணிக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒரு கட்டு மூடப்படும்போது அவர் பேனாவை அப்படித்தான் வைப்பார்.

"பேரு சொல்றாங்க, மேடம்," என்றாள் சாந்தாமணி.

பங்காரம்மா திரும்பினார். ஆறு வருஷத்தில் கட்சிக்காரர் முன்னால் சாந்தாமணி வாய் திறந்ததில்லை.

"என்னது?"

"போன வாரம் புருசன் பேரு கேட்டனுங்க. வாயாலயே சொன்னாங்க. துரும்பு கிள்ளியாச்சு, சொல்லலாம்னாங்க. குடம் எடுத்து ஒரு மாசம் கழிச்சு." அவள் ரங்கனைப் பார்த்தாள். "சேந்திருந்தா சொல்லுவாங்களா?"

ரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் பேரு என்ன ஆத்தா?"

"காளிச்சாமி," என்றாள் கருப்பாத்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னைக்கும் சொன்னே."

"எப்பங்க பெரியப்பா?"

"கொடத்தை எறக்கறப்ப. கொள்ளி வெக்கறவன் எங்கன்னு பூசாரி கேட்டான். நீ காளிச்சாமி பந்தல்ல நிக்கறான்னு சொன்னே. நிக்கறாருன்னுகூட இல்ல, நிக்கறான்னு. பெரியவங்க இருக்கற எடத்துல இப்படிப் பேசறாளேன்னு எனக்குக் கோவம்கூட வந்துச்சு. கெழவி போன துக்கத்துல உட்டுட்டேன்."

"எனக்கு நெனைப்பில்லீங்களே."

"உனக்கு எதுக்கு நெனைப்பு? சாட்சி சொல்றது நானா, நீயா?"

பங்காரம்மா குறுக்கிட்டார். "ஒரு நிமிஷம். நிஜமா கேட்டீங்களா? எனக்காகவோ இவளுக்காகவோ சொல்லக் கூடாது. மாஜிஸ்திரேட் சத்தியம் வாங்கிட்டுத்தான் கேப்பார்."

"நான் குடத்தைச் சொன்னேன். அதை மறைச்சிருக்கலாமே. அதையே சொன்னவன் இதுல எதுக்குங்க பொய் சொல்றேன்?" ரங்கன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். உடனே தாழ்த்திக்கொண்டார். "கேட்டனுங்க. பூசாரியும் கேட்டான்."

"பூசாரி சொல்வானா?"

"அவன் காளிச்சாமிக்குப் பங்காளி. சொல்ல மாட்டான்."

"அப்ப நீங்க ஒருத்தர்."

"நான் ஒருத்தன்."

"சரி. புருசன் பேரை வாயால சொல்லிக்கிட்டே மருமக முறை செஞ்சா, அது சேந்ததா?"

ரங்கன் மரத்தடியில் உட்கார்ந்து சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"இல்லீங்க. பேரு சொன்னா அவ பொண்டாட்டி இல்ல. பொண்டாட்டி இல்லாதவ ஊத்துனா, அது மருமக தண்ணி இல்ல. செத்தவளுக்கு ஒரு பொம்பளை ஊத்துன தண்ணி. நான் சொல்லி ஊத்துனா." கொஞ்சம் நிறுத்தினார். "எழுதுங்க அம்மணி. நான் சொல்லி ஊத்துனான்னும் எழுதுங்க. பெரியதனம் போனாப் போகுது. அதை வெச்சுக்கிட்டு நான் என்ன தோட்டமா வாங்கப் போறேன்."

*

சாந்தாமணி ஒரு மணி நேரம் அடித்தாள். கெட்டிக் காகிதம், மூன்று பிரதி. புதிய நாடா போட்டிருந்தாள். பங்காரம்மா தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லச் சொல்ல அடித்தாள். புகார்தாரர் மேற்படி எதிரியின் மனைவியாக இருந்து, தமது சமூக வழக்கப்படி பிரிந்து, அன்று முதல் தனியே வாழ்ந்து வருபவர். தண்ணீர் ஊற்றியது ஐந்தாம் பத்தியில் வந்தது. பெயர் சொன்னது ஆறாம் பத்தியில். அந்த நான்கு வாக்கியங்கள் எட்டாம் பத்தியில், அவள் சொன்னபடியே.

பங்காரம்மா முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். எட்டாம் பத்தியில் ரங்கன் எழுந்து வெளியே போய்ப் படியில் நின்றுகொண்டார். பங்காரம்மா அதைப் படித்து முடித்த பிறகு திரும்பி வந்தார்.

"இது நிக்கும்னு என்னால சொல்ல முடியாது," என்றார் பங்காரம்மா. "போய் நிக்கலாம்னு மட்டும் சொல்றேன். திங்கட்கிழமை ஒன்பதரைக்குக் கோர்ட்டு வாசல்ல இருங்க. உங்களை மாஜிஸ்திரேட் துருவித் துருவிக் கேப்பார். நடந்ததுக்கு மேல ஒரு சொல்லு வேண்டாம்."

கருப்பாத்தாள் ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் எழுதினாள். ஐந்தாவது வரை படித்திருந்தாள். நிதானமாக எழுதினாள்.

"ஏனுங்க, துரும்பு கிள்ளாம இருந்திருந்தா இதுல எதுவும் இல்லீங்களா?"

"எதுவும் இல்ல."

"இதே ஆளு. இதே மத்தியானம்."

"அதே ஆள், அதே மத்தியானம். எதுவும் இல்ல."

கருப்பாத்தாள் தலையாட்டினாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

பங்காரம்மா கோட்டை மடித்துப் பையில் வைத்தார். ஐந்தே முக்காலுக்குப் போனார். படி இறங்கும் முன் ஒரு தடவை சாந்தாமணியைத் திரும்பிப் பார்த்தார். அன்று கேலி செய்யவில்லை. ரங்கன் காந்திபுரத்துக்குப் பஸ் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கக் கீழே இறங்கினார். மழை விட்டிருந்தது.

சாந்தாமணி கார்பன் தாள்களை அடுக்கினாள். டைப்ரைட்டருக்கு உறை போட்டாள். உறையை எடுத்தாள். வெறும் காகிதம் ஒன்றை உருளையில் சுற்றினாள்.

மேஜை மேல் போன் அடித்தது. எடுத்தாள்.

"இல்லீங்க... மழையில பஸ்ஸு லேட்டுங்க... சரிங்க. வந்தர்றனுங்க. நீங்க சாப்புட்டுருங்க... சரிங்க."

போனை வைத்தாள். கருப்பாத்தாள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி ஆறாகப்போகுதுங்களே அம்மணி. ஊட்டுக்குப் போகலீங்களா?"

"போகோணும். கொஞ்சம் வேலை இருக்குது."

கருப்பாத்தாள் உருளையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதில் ஒரு எழுத்தும் இல்லை. மேஜை மேல் வேறு காகிதமும் இல்லை. சாந்தாமணியின் மணிக்கட்டில் கன்றிய இடம் மஞ்சளாக மாறியிருந்தது. சாந்தாமணி சேலைத் தலைப்பை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டாள்.

கீழே இருந்து ரங்கன் கூப்பிட்டார். கருப்பாத்தாள் வாசல்வரை போனாள். செருப்பைப் போடவில்லை. திரும்பி வந்து, போன வாரம் சாந்தாமணி காலால் தள்ளிக் கொடுத்த நாற்காலியில், இந்தத் தடவை முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க அம்மணி," என்றாள். "உங்க ஊட்டுக்காரரு பேரு என்னுங்க?"